கல்யாண ஸ்டேஷன்

வெளியே நூற்றெட்டு டிகிரி.
உள்ளே வருடம் முழுக்க இருபத்திரண்டு.
வண்டிக்கு; நமக்கில்லை.

வாசலில் கழற்றுகிறோம்
மோதிரம், வளையல், கைக்கடிகாரம், பெல்ட் பக்கிள்.
கழற்ற முடியாததை மூடுகிறோம்.
என் தாலிச் சரடைச் சட்டைக்குள் தள்ளி
மேலே ஒரு துணிப்பட்டை ஒட்டுகிறாள் ஷாகிரா,
அவளுடைய கருகமணிக்கு நான்.
ஒரு கீறல் விழுந்தால்
உங்கள் எட்டு மாதச் சம்பளம் என்று
முதல் நாளே சொன்னார்கள்.
மிரட்டலாக அல்ல,
விலைப்பட்டியல் வாசிப்பது போல.

நான் நிற்கும் இடத்துக்குப் பெயர் கல்யாண ஸ்டேஷன்.
நாங்கள் வைத்ததில்லை,
கப்பலேறி வந்த பெயர்.
மேலிருந்து கூடு இறங்கும்,
கதவில்லாமல், கண்ணாடியில்லாமல்.
கீழிருந்து எஞ்சின் ஏறும்,
அச்சும் சக்கரக் கைகளும் விரித்த தட்டில்.
நடுவே ஒரு விரற்கடை மிச்சமிருக்கையில்
இரண்டும் நிற்கும்.
ரோபோவுக்கு மில்லிமீட்டர் தெரியும்,
நசுங்கப்போகிற வயர் தெரியாது.
நான் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்து
"சரி" என்று அமுக்கினால்
கெட்டிமேளம்.
பதினாறு போல்ட், பதினாறு பச்சை விளக்கு.

போன வாரம் இரவு ஷிப்டில் முப்பத்தெட்டாம் வண்டி.
அதன் நிறத்துக்கு ஏட்டில் ஏதோ சீமைப் பெயர்.
எனக்கு அது இலவம்பாடி முள்ளுக்கத்திரி,
விடிகாலையில் கூடையில் ஈரத்தோடு இருக்குமே, அது.
பதினோராவது போல்ட் சிவப்பு.
மறுபடி சிவப்பு.
கயிற்றை இழுத்தேன்.

லைன் நின்ற பிறகுதான் தெரிந்தது
மூன்று வருடமாக
நான் கத்தித்தான் பேசியிருக்கிறேன் என்று.
சுவர்ப் பலகையில் நஷ்டக் கணக்கு ஓடியது,
ஆட்டோ மீட்டர் மாதிரி.
முனிரத்தினம் சார் ஓடி வந்தார்.
"இன்னாம்மா ஆச்சு?"
"மரை கோணிக்கினு போவுது சார்."
"மிஷின் சொல்லிச்சா, கை சொல்லிச்சா?"
"மிஷினுக்கு முன்னாடியே கை."
அவர் அதற்கு மேல் கேட்கவில்லை.
கழற்றினால் உள்ளே ஓர் அலுமினியச் சீவல்,
நகம் வெட்டினால் தெறிக்குமே, அத்தனைதான்.
அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு
நேரம் எழுதி
என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள்.
ஆறு நிமிடம் நாற்பது விநாடி
அத்தனை பேரும் நின்றார்கள்
ஒரு மரைக்காக.

என் கல்யாணத்தன்று
இழுக்கக் கயிறு எதுவும் தொங்கவில்லை.
சரி, அது வேறு கதை.
பதினொன்று பச்சை.

கடைசியில் எல்லா வண்டியும் ஓடும்,
உருளைகளின் மேல், கட்டிப்போட்டபடி,
நின்ற இடத்திலேயே நூற்றி அறுபது.
மழையும் உண்டு, நான்கு நிமிடம்,
நாலாபுறமும் அடித்து ஊற்றும்.
பாலாற்று மணலைத் தாண்டி வேலைக்கு வருகிற நாங்கள்
கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்போம்.
ஒரு சொட்டு உள்ளே போனாலும்
வண்டி திரும்பி வரும்.

இன்று காலை ஷிப்ட் முடிந்து
வாலாஜா டோல்கேட்டில் பக்கத்து வரிசையில்
எங்கள் கம்பெனியின் மூடிய லாரி.
பெங்களூருக்கு.
உள்ளே கத்திரி நிறம் இருக்கலாம்,
இல்லாமலும் போகலாம்.
ஃபாஸ்டேக்கில் ஏதோ தகராறு,
டிரைவர் இறங்கிக் கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.
மூன்று விநாடியில் நூறைத் தொடுகிறது
இரும்புப் பெட்டிக்குள் சும்மா நிற்க,
சைலன்சருக்குக் கம்பி கட்டிய எங்கள் பஸ்
முந்திக்கொண்டு போனது.
பின் சீட்டில் யாரோ விசிலடித்தார்கள்.
ஷாகிரா என் கழுத்துப் பட்டையை உரித்து
ஜன்னல் கம்பியில் ஒட்டினாள்.
மேல்விஷாரம் வந்தால் எழுப்பு என்றாள்.
நானும் தூங்கிவிட்டேன்.